முதலாளி படத்துக்கு ஈர மாலை

மறந்து தொலை என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் சொன்னார். ஓவியர் மன்றத்தில் என்னோடு உட்கார்ந்து வரைந்தவர்கள் சொன்னார்கள். எல்லாம் முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், "இன்னுமா அதையே பேசுற?" என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேசத்தான் செய்வேன். ஒருவர் எனக்குச் செய்ததை, செய்த அன்றைக்கு இருந்த சூடு ஆறாமல் வைத்திருக்கிற புத்தி எனக்கு. அதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை.

எண்பதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு பழைய பஞ்சுக் குடோனில் ஓவியர் மன்றம் நடந்தது. பஞ்சு வியாபாரம் செய்த பெரிய முதலாளி ஒருவர், குடோன் சும்மா பூட்டிக் கிடந்தால் பாம்பு அடையும் என்று, படம் வரைகிறவர்கள் சேர்ந்து புழங்கிக்கொள்ளட்டும் எனக் கொடுத்திருந்தார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளுக்கொரு இடம் பிரித்துக்கொண்டோம். கூரையில் ஒரே ஒரு வரிசை கண்ணாடி ஓடு. அதற்கு நேர் கீழே, பால் மாதிரி வெளிச்சம் விழுகிற இடத்தில், மன்றத்தின் செயலாளர் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். நாங்கள் எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அடுத்த இடம், நாடக மேடைக்குப் பின்திரையில் சீன் எழுதுகிற ஒரு வயசாளிக்கு; அவரை சீன்காரர் என்போம். போர்டு எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள், போவார்கள். எனக்குக் கிடைத்தது லோடு இறக்குகிற பெரிய கதவுக்குப் பக்கத்து மூலை. மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் உள்ளே புகுந்து ஆளை வறுத்துவிடும். பொம்பளைக்கு எதற்கு நல்ல வெளிச்சம் என்று நினைத்திருப்பார்கள். கூரைக் கட்டைகளில் பழைய பஞ்சுத் தூசி அடை அடையாக ஒட்டிக் கிடக்கும். காற்றடித்தால் உதிர்ந்து ஈரச் சாயத்தில் வந்து உட்காரும். அங்கே வரைந்த எந்தப் படத்தையும் கிட்டே போய்ப் பார்த்தால் பஞ்சு தெரியும்.

எனக்குச் சோறு போட்ட வேலை வேறு. சேலைக் கரைக்கும் முந்திக்கும் கட்டம் போட்ட தாளில் பூவும் மயிலும் போட்டுக் கொடுப்பேன். தறிக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஒரு கட்டம் தவறினால் சேலையில் மயிலுக்கு மூக்கு கோணிக்கொள்ளும், அப்புறம் வீட்டு வாசலில் சண்டை நடக்கும். கண்ணைத் தின்கிற வேலை. அதில் மிஞ்சிய நேரத்தில் மன்றத்துக்கு வந்து எண்ணெய்ச் சாயத்தில் மனுஷ முகங்களை வரைவேன். யாரும் கேட்டு வரைந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது, வரைந்தேன்.

மன்றத்தில் எழுதி ஒட்டாத ஒரு முறை இருந்தது. கேன்வாஸ் எல்லோருக்கும் தட்டுப்பாடு. அதனால் வேண்டாத படத்தின் மேல் வெள்ளை அடித்துவிட்டு அதிலேயே புதுசு வரைவோம். யாருடையதை யார் அடிப்பது என்று தகராறு வரக் கூடாதல்லவா? படத்தின் முகம் சுவரைப் பார்த்து நின்றால் அதை யாரும் தொடக் கூடாது, வரைந்தவருக்கு அது வேண்டும். முகம் வெளியே பார்த்து நின்றால் அவர் அதைக் கைவிட்டுவிட்டார், யார் வேண்டுமானாலும் எடுத்து வெள்ளை அடித்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்களுக்குத் தலைகால் புரியாது. நல்ல படங்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கழித்துப் போட்டவைதான் கண்ணில் படும். எங்களுக்குப் பழகிவிட்டது.

என் அம்மா பரளச்சிப் பக்கம் காட்டு வேலைக்குப் போனவள். பருத்தி எடுப்பாள், மிளகாய்ப் பழம் பறிப்பாள், களை வெட்டுவாள். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எடுக்கவில்லை, அதற்கப்புறம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் போட்டோ எடுப்பார்கள் என்பது அவள் நினைப்பு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போட்டோக்காரர் வந்தாலே எழுந்து போய்விடுவாள். ஆனால் நான் வரைகிறேன் என்றதும் சரி என்றாள்.

"போட்டோன்னா டப்புன்னு பிடுங்கிட்டுப் போயிருவான். நீ கொஞ்சங்கொஞ்சமாத்தான எடுப்ப" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க, காட்டில் வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி வந்து, குடோன் கதவோரம் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்காது. உட்கார்ந்திருக்கும் சாக்கிலிருந்தே நூலை உருவிக்கொண்டிருப்பாள். பாம்படம் போட்டுத் தொங்கிப்போன காது அவளுக்கு. பாம்படம் என்றைக்கோ கைவிட்டுப் போய்விட்டது, காது மட்டும் தோளைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்துக்கான காடாத் துணியை ஒரு தறி வீட்டில் சொல்லி கனமாக நெய்து வாங்கினேன். தேக்குச் சட்டம் தச்சரிடம் செய்தது. மன்றத்தில் அவ்வளவு பெரிய படத்தை அதற்கு முன் யாரும் கட்டியதில்லை. செயலாளர் ஒரு நாள் என் மூலைக்கு வந்து படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தன் வெளிச்சத்துக்குப் போய்விட்டார்.

படம் முடிந்த அன்று அம்மா எழுந்து வந்து பார்த்தாள்.

"நான் இம்புட்டுக் கோவமாவா இருக்கேன்?"

"ஆமா."

"இருக்கட்டும். அப்பிடியே இருக்கட்டும்" என்றாள். அவளுக்குப் பிடித்திருந்தது.

எண்ணெய்ச் சாயம் உள்வரைக்கும் காய மாசக்கணக்கில் ஆகும். தூசி படாமல் இருக்கட்டும் என்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அது காய்ந்து முடித்த சமயத்தில், பருத்திக் காட்டில் மயங்கி விழுந்த அம்மா எழுந்திருக்கவில்லை. செய்தி வந்து நான் ஓடியபோதும் படம் என் மூலையில் சுவரைப் பார்த்துத்தான் நின்றது. ஊரில் என் அண்ணன், திருச்சுழியிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். அவளுக்குப் பிடிக்காத காரியத்தை ஏன் செய்ய வேண்டும், என்னிடம் படம் இருக்கிறதே என்று சொன்னேன்.

கருமாதி முடிந்து திரும்பி வந்து குடோனுக்குள் நுழைகிறேன். என் மூலை காலி. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே செயலாளர் நின்று, பெரிய முதலாளியின் மீசையை வரைந்துகொண்டிருந்தார். எங்களுக்குக் குடோன் கொடுத்த அந்தப் பெரிய முதலாளி முந்தின வருஷம் இறந்துபோயிருந்தார். அவர் பெயரில் மகன் கட்டிய கல்யாண மண்டபம் அந்த வாரம் திறக்க இருந்தது. திறப்பு விழாவுக்குப் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மீசையையும் தோளில் போட்டிருந்த பட்டுத் துண்டையும் நான் பார்க்கவில்லை. சட்டத்தைப் பார்த்தேன். கீழ் மூலையில் தச்சர் ஆணி அடித்தபோது பிளந்த இடத்தில் நான் சுற்றிக் கட்டிய சணல் அப்படியே இருந்தது.

"சார், இது என் படம்."

அவர் பிரஷை எடுக்காமலே பேசினார். "ஏம்மா, ஓம் படம்னா செவத்தப் பாத்துல்ல நிக்கணும்? வெளிய பாத்து நின்னுச்சு. மன்றத்துக்குன்னு ஒரு முறை இருக்குல்ல?"

"நான் திருப்பி வச்சுட்டுத்தான் போனேன்."

"அப்ப காத்துல திரும்பிருக்கும்."

நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால்தான் நகர்கிற சட்டம் அது. காற்று வந்து திருப்பிவிட்டுப் போயிற்றாம். சுற்றிலும் பார்த்தேன். போர்டுக்காரர்கள் எழுத்துக்கு மேலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். சீன்காரர் எப்போதோ கலக்கி முடித்த சாயத்தை மறுபடி கலக்கினார். ஒருத்தராவது, 'இல்ல சார், அந்தப் புள்ள திருப்பித்தான் வச்சிருந்துச்சு' என்று வாயைத் திறக்கவில்லை. அவர்களையும் நான் மறக்கவில்லை, அது தனி.

"எங்கம்மாவுக்கு வேற போட்டோ கெடையாது சார்."

"அதுக்கென்ன? பெத்தவ மொகம் மறந்தா போகும்? மனசுல இருக்கும்ல. நல்ல கேன்வாஸா நான் தாரேன், இன்னொன்னு போட்டுக்க."

இதைச் சொன்னதற்காகத்தான் அவர் மேல் எனக்கு இன்றும் பற்றி எரிகிறது. படத்தை எடுத்ததைக்கூட அவசரம், பேராசை, பொறாமை என்று ஏதாவது ஒரு பெயர் வைத்துப் பார்க்கலாம். மனசில் இருக்கும், போட்டுக்கொள் என்று சொல்ல ஒரு ஓவியனுக்கு எப்படி வாய் வந்தது? அவர் கேன்வாஸை நான் வாங்கவில்லை. என் துணியிலேயே வரைந்து பார்த்தேன். காது வந்தது, மூக்கு வந்தது, கன்னத்துச் சுருக்கமும் வந்தது. கண் மட்டும் என் கண்ணாக வந்து உட்கார்ந்தது. மறுபடி வரைந்தேன். என் அம்மாவைப் போல் யாரோ ஒருத்தி வந்தாள். அம்மா வரவில்லை. வரைய வரைய, உள்ளே இருந்த கொஞ்ச நஞ்ச முகமும் கலைந்துபோகிறது என்று பயந்து பிரஷைக் கீழே வைத்துவிட்டேன்.

மண்டபத் திறப்பு விழாவில் செயலாளருக்குச் சால்வை போர்த்தினார்கள். படத்துக்குக் கண்ணாடி போடலாமா என்று கேட்டதற்கு, எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி போடுவது ஓவியனை அவமானப்படுத்துவது என்று மைக்கில் பேசினாராம். நான் போகவில்லை. சீன்காரர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"தங்கச்சி, என் வாளியில இருந்த வெள்ளையத்தான் எடுத்து அடிச்சாரு. அவசரம்னாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"எந்த வெள்ளைய?"

"சீனுக்கு அடிக்கிற வெள்ளைதான்."

அன்றைக்குத்தான் அழுகையை நிறுத்தினேன். சீனுக்கு அடிக்கிற வெள்ளை என்பது, தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரத்தைக் காய்ச்சி அதில் சாக்பீஸ் பொடியைக் குழைத்தது. வெறும் துணியில் அடித்தால் நூலுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சீக்கிரம் காயும், அதனால் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் சீன் எழுதி வந்த டிராயிங் வாத்தியாருக்குக் கை தன்னால் அந்த வாளிக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் காய்ந்த எண்ணெய்ச் சாயத்தின் மேல் அது பிடிக்காது. எண்ணெயில் குழைத்த வெள்ளைதான் பிடிக்கும். அது காய நாளாகும், அவருக்குத் திறப்பு விழா காத்திருந்தது. வஜ்ஜிர வெள்ளை என்றைக்கு இருந்தாலும் தண்ணீர் பட்டால் இளகும். இளகினால் அதன் மேல் இருக்கிற பெரிய முதலாளி மீசையோடும் பட்டுத் துண்டோடும் தோல் தோலாக உரிந்து வருவார். அதற்குக் கீழே எண்ணெயில் வரைந்து உள்வரைக்கும் காய்ந்த என் அம்மா ஒரு கீறல் இல்லாமல் இருப்பாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? உங்கள் அப்பா முகத்துக்குக் கீழே ஒரு கூலிக்காரியின் முகம் இருக்கிறது, அவரை உரித்துவிட்டு அவளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று சின்ன முதலாளியிடம் கேட்க முடியுமா? கேட்ட அன்றைக்கே படத்தைக் கொளுத்திவிடுவார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். சீன்காரரையும் மூடிக்கொள்ளச் சொன்னேன். அந்த விஷயத்தில் அவருக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம்.

அதற்கப்புறம் அந்த மண்டபத்தில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் நான் அங்கே இருந்தேன். அழைப்பு இருந்தாலும் போனேன், இல்லாவிட்டாலும் போனேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்துக்கொண்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்துக்கொண்டார்கள். நேராகப் படத்தின் கீழே போய் நின்று எங்காவது வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். முதல் வருஷம் ஒன்றையும் காணோம். பெரிய முதலாளி சிவப்பும் மினுமினுப்புமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

வழியைக் காட்டியது அவர்களுடைய வழக்கம்தான். யார் வீட்டுக் கல்யாணமானாலும் இரண்டு வீட்டாரும் முதலில் பெரிய முதலாளி படத்துக்கு மாலை போட்டுவிட்டுத்தான் மணவறைக்குப் போக வேண்டும் என்று சின்ன முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் ஊர் வெயிலுக்குப் பூ நிற்காது. பூக்கடையில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் மாலையைக் கொடுப்பார்கள். ஒரு கல்யாணத்தில் மாலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, முதலாளியின் கழுத்து வழியாக ஓடிச் சட்டத்துக்குள் போனதைப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அடுத்த முகூர்த்தத்துக்கு என் சொந்த மாலையோடு போனேன். சம்பங்கி மாலை, கட்டு கனமாக. சம்பங்கி தண்ணீரை நன்றாகக் குடிக்கும். வீட்டு வாளியில் முக்கி வைத்து எடுத்து, இலையில் சுற்றிக்கொண்டு போய், ஸ்டூல் போட்டு ஏறி, படத்தோடு ஒட்டி விழுகிற மாதிரி போட்டேன். முழங்கை வழியாகத் தண்ணீர் ஓடி ரவிக்கை நனைந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கீழே நின்ற சின்ன முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கய்யா மேல எம்புட்டு மருவாதி பாருங்க. ரத்த சொந்தத்துக்குக்கூட இந்த நெனப்பு இல்ல" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார்.

என் வீட்டுக்காரர் விசைத்தறிக்குப் போகிறவர். நான் முகூர்த்த நாள் தவறாமல் சேலை கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, "எவன் வீட்டுக் கல்யாணம்னாலும் போய் நிக்கிறியே, ஓசிச் சோத்துக்கா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். என்னை மறந்து தொலை என்று சொன்ன மனுஷன் அவர். அடுத்த முகூர்த்தத்துக்கு மாலையை அவரே வாளியில் முக்கி வைத்திருந்தார்.

இத்தனைக்கும் நான் மன்றத்தை விட்டுப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? அதே மூலையில் உட்கார்ந்து, அதே வெயிலில் வெந்துகொண்டு, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வரைந்தேன். "டீ சொல்லட்டுமா சார்?" என்று கேட்பேன். அவருக்கு என் அமைதி பிடித்திருந்தது. காலம் ஆக ஆக எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற விழாவில், மண்டபத்தில் மாட்டியிருக்கும் படம்தான் தன் வாழ்நாள் வேலை என்று பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். மனமாரத் தட்டினேன். உயரத்தில் ஏறி நிற்கட்டும் என்று இருந்தது எனக்கு.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு முகவாயில் மெல்லிசாக ஒரு வெடிப்பு வந்தது. அந்த வருஷக் கோடை அதைத் தோள் வரைக்கும் இழுத்துவிட்டது. என் மாலையும் எங்கள் வெயிலும் மாறி மாறி வேலை பார்த்தன. நனைந்து இளகும், காய்ந்து சுருளும். பட்டுத் துண்டு ஓரம் தூக்கியது. காது மடல் பொரிந்தது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு மட்டும் வயிறாரச் சாப்பிடுவேன்.

கடைசியில் ஒரு ஆவணிக் கல்யாணத்தில், நான் மாலை போட்டுவிட்டு ஸ்டூலை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில், முதலாளியின் ஒரு பக்கக் கன்னமும் பாதி மீசையும் உரிந்து, கீழே ஒரு அம்மாள் பிடித்திருந்த அட்சதைத் தட்டில் விழுந்தது. அந்த அம்மாள் அலறிய அலறலில் மேளம் நின்றுவிட்டது. பெண் வீட்டில் அபசகுனம் என்று ஆரம்பித்தார்கள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள், நான் மேலே பார்த்தேன். வெள்ளை படிந்த ஒரு கறுத்த கன்னத்தின் ஓரம் தெரிந்தது. அது கன்னம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது ஏதோ அழுக்கு.

செயலாளர் வந்து ஏணி போட்டு ஏறி ஒட்டுப் போட்டார். அது அடுத்த கல்யாணத்துக்குள் கனத்தோடு சேர்ந்து இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு விழுந்தது. மண்டபத்தைப் பேசி வைத்திருந்தவர்கள் வேறு இடம் பார்க்க ஆரம்பித்தார்கள். சின்ன முதலாளி ஒரு நாள் செயலாளரைப் படத்தின் கீழே நிற்க வைத்துக் கேட்டார். சமையல்காரர், கணக்குப்பிள்ளை, வந்தவர் போனவர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேனா?

"என்னய்யா படம் போட்டீரு? எங்கய்யாவ எங்க கண்ணு முன்னாலயே அழுகி உதிர வச்சுட்டீரே!"

செயலாளருக்கு வியர்த்தது. "நம்ம ஊரு காத்து அப்பிடி மொதலாளி. வறண்ட காத்து. எந்தப் படமும் நிக்காது" என்றார்.

"சார் சொல்றது சரிதான் மொதலாளி" என்றேன் நான். "நம்ம ஊரு காத்துக்கு ரொம்பப் பலம். படத்தத் தூக்கித் திருப்பிக்கூட வச்சிரும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அதில் தொங்கிய என் சம்பங்கி மாலையைப் பார்த்தார். அத்தனை வருஷத்து மாலைகளும் அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டன. வாயைத் திறந்தார். சொல்ல என்ன இருக்கிறது? ஒரு சாவு வீட்டுக்காரியின் படத்தை எடுத்து அதன் மேல் உங்கள் அப்பாவை வரைந்தேன் என்று சொல்ல வேண்டும். மூடிக்கொண்டார்.

சின்ன முதலாளி என் பக்கம் திரும்பினார். "தாயி, எங்கய்யா மேல உசுரா இருக்கவ நீ. நீயே சரி பண்ணிக் குடு."

"இது இனிச் சரி வராது மொதலாளி. புதுசா நான் போட்டுத் தாரேன். இத எனக்குக் குடுத்துருங்க."

"இத வச்சு என்ன செய்யப் போற?"

"மால போட்டுக் கும்பிட்ட படம். கண்ட எடத்துல போட்டுறக் கூடாதுல்ல?"

அவர் கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டினார். புதுப் படத்தை நான் வஞ்சகம் இல்லாமல் வரைந்தேன். பெரிய முதலாளி மேல் எனக்கென்ன கோபம்? புதுத் துணியில் எண்ணெய் வெள்ளை அடித்து, காய விட்டு, அவர் வீட்டிலிருந்த போட்டோக்களை எல்லாம் வாங்கி வைத்துப் பார்த்து, நிதானமாக வரைந்தேன். செயலாளர் வரைந்ததை விட நன்றாக வந்தது. அதை அவருக்குத் தெரிகிற மாதிரி அவர் கண்ணெதிரிலேயே குடோனில் வைத்துத்தான் வரைந்தேன். கீழே என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் பழைய படத்தைக் கழுவ எடுத்தேன். வீட்டில் வைத்துத் தனியாகக் கழுவியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. குடோனுக்கே கொண்டுவந்தேன். ஒரு காலை நேரம், மன்றத்தில் எல்லோரும் இருக்கும்போது, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே அவருடைய வெளிச்சத்திலேயே பெஞ்சின் மேல் படத்தைச் சாய்த்து வைத்தேன். ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் வைத்தேன்.

"சார், நீங்க தண்ணி ஊத்துங்க. நான் தொடைக்கிறேன்."

அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போர்டுக்காரர்கள் பிரஷை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சீன்காரர் மட்டும் எழுந்து வந்து படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் குவளையில் மொண்டார். மொண்டதில் பாதி அவர் வேட்டியில் கொட்டியது. மீதியைப் பெரிய முதலாளியின் நெற்றியில் ஊற்றினார். நான் பழைய சேலைத் துணியால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினேன். வெள்ளை கூழாக இளகி என் விரலிடுக்கில் வழிந்தது.

நான் படத்தைப் பார்க்கவில்லை. கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, கண் அவர் முகத்தில் இருந்தது. இத்தனை வருஷமும் நான் கேட்டு நின்றது அதைத்தானே? அந்த முகம் வெட்கத்தில் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். உதடு துடிக்கிறதா, கண் தாழ்கிறதா, என்னிடம் ஒரு வார்த்தை கெஞ்சுகிறதா, எதையும் தவறவிடக் கூடாது என்று இமைக்காமல் பார்த்தேன். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு உள்ளே தித்தித்தது. இன்னும் ஊற்றுங்கள் என்றேன். ஊற்றினார். இன்னும் என்றேன்.

பிறகு அந்த முகம் என்னவோ ஆகிவிட்டது. சுருங்கும் என்று நான் காத்திருந்த முகம் சுருங்கவில்லை. எல்லாம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல படத்தின் முன்னால் நிற்கிறவர்களுக்கு முகம் ஆகுமே, அப்படி ஆயிற்று. என்னை அவர் மறந்தே போய்விட்டார். குவளையைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டாக... பாரும்மா" என்றார்.

நான் அப்போதுதான் திரும்பினேன். அம்மா முழுசாக வந்திருந்தாள், கோபத்தோடு, தொங்கிய காதோடு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு. எந்தக் கண்ணை மறந்துபோய் நான் அத்தனை வருஷம் தவித்தேனோ, அந்தக் கண் வெள்ளைக்குள்ளிருந்து திறந்ததை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்தது அந்த ஆள்தான்.